வெளிச்சத்தை ஒளித்து வைக்கும் மீன்கள்

2025 பிப்ரவரியில் ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவுக்கு அருகே, பட்டப்பகலில், கடலின் மேல்மட்டத்தில் ஒரு கறுப்பு மீன் வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, ஊசி ஊசியான பற்கள். ஆழ்கடல் தூண்டில் மீன் அது. அறிவியல் பெயர் மெலனோசீட்டஸ் ஜான்சோனி. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், இருட்டிலேயே வாழ்ந்து முடிக்க வேண்டியது, ஏதோ காரணத்தால் சூரியனுக்குக் கீழே வந்துவிட்டது. சில மணி நேரத்தில் இறந்தும் போனது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. நான் மீன் விற்கிறவன் என்பதால் ஆளாளுக்கு எனக்கே அனுப்பினார்கள். மறுநாள், மலேசியாவின் சிலாங்கூரிலுள்ள பத்தாங் பெர்ஜூந்தை சந்தையில் என் மேசைக்கு முன்னால் நின்றவர்களும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். (ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வெகுகாலம் ஆகிறது. ஆனால் தோட்டத்திலிருந்து வரும் பெரியவர்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான்.) "என்னப்பா, பேய் மாதிரி இருக்கு, இத்தனை பெருசா இருக்குமா?" என்று ஒரு பாட்டி கையை அகல விரித்துக் காட்டினார். "இல்ல பாட்டி, உள்ளங்கையில அடங்கிடும்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த இனத்தில் பெண் மீன் நன்றாக வளர்ந்தாலும் ஒரு சாணுக்குள்தான். ஆண் மீன் விரல் நுனி அளவுகூட இருப்பது கஷ்டம்.

பற்களைப் பற்றிப் பேசினார்கள், வாயைப் பற்றிப் பேசினார்கள், விளக்கைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அன்று முழுக்க மனதில் ஓடியது வேறொரு கேள்வி. பிறர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே எல்லா உயிரும் இருட்டில் பதுங்கிக் கிடக்கும் இடத்தில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அலையும் ஒரு மீன் எப்படி உயிரோடு இருக்கிறது?

ஆழ்கடல் வேட்டை மீன்களைப் பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் நான் பல வருஷங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எனக்கு உறுதியானது இதுதான்: அந்த மீன்களுக்கு வெளிச்சத்தை உண்டாக்குவது பெரிய காரியமே இல்லை. அந்த வெளிச்சத்தில் தானே மாட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் காரியம். அவற்றின் உடம்பிலுள்ள அதிசயங்களில் பாதி அதற்காகவே அமைந்தவை.

வெளிச்சம் பெரிய காரியம் இல்லை என்று நான் சொல்வதற்கு என் ஐஸ் பெட்டியே சாட்சி. ஒருநாள் விடியற்காலை, கடை விரிக்கும் நேரத்தில், சந்தையில் கரண்ட் போய்விட்டது. கையில் டார்ச் இல்லை. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று அப்படியே நின்றேன். முதல் நாள் மீந்து, தனிப் பெட்டியில் ஐஸ் மேல் வைத்திருந்த சோத்தோங், அதாவது கணவாய், மங்கலான நீல நிறத்தில் ஒளிர்ந்தது. எல்லாம் ஒரே சீராக ஒளிரவில்லை. ஒன்றின் முதுகில் திட்டுத் திட்டாக, இன்னொன்றின் கைகளில் புள்ளி புள்ளியாக. விரலால் தொட்டேன், அந்த ஒளி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. நேராக உற்றுப் பார்த்தால் மறைகிறது, கண்ணைக் கொஞ்சம் விலக்கினால் மறுபடி தெரிகிறது. கரண்ட் வந்ததும் அங்கே வெறும் சோத்தோங்தான் இருந்தது.

அது பாக்டீரியா செய்த வேலை. கடல் நீரிலும், கடல் உயிர்களின் தோலிலும் குடலிலும் இயல்பாகவே வாழும் ஃபோட்டோபாக்டீரியம் என்ற இனம். குளிர் அதைத் தடுப்பதில்லை, ஐஸ் பெட்டியில்கூடப் பெருகும். கூட்டம் சேர்ந்த பிறகே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளி வரும். ஒளிரும் பாக்டீரியாக்களில் சில, பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஒரு ரசாயனச் சமிக்ஞை மூலம் தெரிந்துகொண்டு, போதுமான கூட்டம் சேர்ந்த பிறகுதான் ஒளியையே தொடங்கும். 1970இல் இதை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். இந்த ஒளிக்கு ஆக்சிஜன் வேண்டும். 1660களிலேயே ராபர்ட் பாயில், ஒளிரும் மரத்துண்டையும் மீனையும் காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார். காற்றை எடுத்ததும் ஒளி மங்கியது, காற்றை விட்டதும் திரும்பி வந்தது. ஆக்சிஜன் என்ற ஒன்றையே யாரும் அறிந்திராத காலம் அது.

தூண்டில் மீனின் விளக்கிலும் வாழ்வது பாக்டீரியாதான். தண்டின் நுனியில் உருண்டையாக ஒரு சிறு உறுப்பு. அதற்குள் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. மீன் சோறு போடுகிறது, அவை வெளிச்சம் தருகின்றன. நம் கணக்குக்கு இன்னும் பக்கத்தில் ஒரு மீன் இருக்கிறது: காரல். தமிழ்நாட்டில் காரப்பொடி என்றும் சொல்வார்கள், இங்கே மலாய்க்காரர்களுக்கு அது கெக்கெக். தட்டையாக, வெள்ளி நிறத்தில், தொட்டால் வழவழவென்று, கிலோ கணக்கில் மலிவாகப் போகும் மீன். அதன் தொண்டைக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி ஓர் உறுப்பு சுற்றியிருக்கும். கத்தி நுனியால் மெதுவாகப் பிரித்தால் கண்ணுக்குத் தெரியும். அதுதான் அதன் விளக்கு. உள்ளே இருக்கும் ஒளியைக் காற்றுப்பையின் வெள்ளிப் பூச்சு திருப்பி அனுப்ப, ஒளி ஊடுருவும் தசை வழியாக அது வயிற்றுப் பக்கம் பரவுகிறது. திறந்து மூட ஒரு தசைத் திரையும் உண்டு. ஆழ்கடலே பார்க்காத, மலாக்கா நீரிணையின் சேற்றுக் கரையோரம் வாழும் மீனுக்கு இத்தனை ஏற்பாடு. ஒளிரும் பாக்டீரியா இனம் ஒன்றுக்கு, இராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். தமிழ்க் கடற்கரையின் பெயர் உலகப் பாக்டீரியா பட்டியலில் இருப்பதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

எல்லா மீனும் பாக்டீரியாவை நம்பியிருக்கவில்லை. டிராகன் மீன், வைப்பர் மீன், விளக்குச் சுறா போன்றவை தம் உடம்பிலேயே ஒளியைத் தயாரிக்கின்றன. கதிர்த் துடுப்புள்ள மீன்களில் மட்டும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், குறைந்தது 27 முறை ஒளிரும் ஆற்றல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2016இல் வந்த ஆய்வு சொல்கிறது. கலிபோர்னியாவுக்கு அப்பால் ஆழத்தில் எடுத்த வீடியோக்களைப் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்ததில், நடுநீரில் தென்பட்ட உயிர்களில் 76 சதவீதம் ஒளிரக்கூடியவை. கடலின் ஆழத்தில் வெளிச்சம்தான் வழக்கம், வெளிச்சமில்லாததுதான் விதிவிலக்கு. அதனால்தான், இந்த மீன் ஒளிர்கிறது என்று சொல்லி முடித்துக்கொள்ளும் கட்டுரைகள் எனக்குப் போதவில்லை.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போவார். வரிசை வரிசையாக மரம், எங்கும் கும்மிருட்டு. விளக்கு இருப்பவருக்குத் தெரிவது தன் முன்னால் உள்ள பட்டையும் கோப்பையும் மட்டும்தான். ஆனால் அவர் எந்த மரத்தில் நிற்கிறார் என்பது அந்த மலைச்சரிவு முழுக்கத் தெரியும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சைக்கிளை நிறுத்திவிட்டு, ரோட்டில் நின்றபடியே யார் எத்தனை மரம் முடித்தார்கள் என்று கணக்குப் பார்த்துவிடுவார். ஆழ்கடலில் விளக்கு வைத்திருக்கும் மீனின் நிலையும் இதேதான். ஒரு வித்தியாசம், அங்கே ரோட்டில் நிற்பவருக்குப் பசி.

சரி, கடலுக்குள் வெளிச்சத்தின் கணக்கைப் பார்ப்போம். சூரிய ஒளி தண்ணீரில் இறங்க இறங்க நிறம் நிறமாகக் கழிந்துகொண்டே போகும். முதலில் சிவப்பு, சில பத்து மீட்டருக்குள்ளேயே. கடைசி வரை தாக்குப்பிடிப்பது நீலம். 200 மீட்டருக்குக் கீழே செடி வளர்க்கும் அளவுக்கு ஒளி இல்லை. 1,000 மீட்டருக்குக் கீழே சூரியன் என்ற ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. இடைப்பட்ட பகுதியில் மேலே பார்த்தால் மங்கிய நீலம், கீழே பார்த்தால் கறுப்பு. அங்கே நீந்தும் மீனைக் கீழேயிருந்து ஒருவன் பார்த்தால், நீலப் பின்னணியில் கறுப்பு நிழலாகத் தெரியும். அது சாவுக்கு அழைப்பு.

இதற்கு மீன்கள் கண்ட வழி, வயிற்றை ஒளிரவைப்பது. கோடரி வடிவத்தில் தட்டையாக இருக்கும் ஹேச்சட் மீன் இதில் கைதேர்ந்தது. வயிற்றோரம் வரிசையாகக் குழாய் வடிவ ஒளியுறுப்புகள், கீழ்நோக்கி. மேலேயிருந்து வரும் ஒளி எவ்வளவோ அவ்வளவே கீழேயும் விடும்; மேலே ஒளி குறைந்தால் தன் ஒளியையும் குறைக்கும். நிழல் கரைந்துபோகும். நம் காரல் மீன் ஆழமில்லாத தண்ணீரில் செய்வதும் இதே வேலைதான் என்று கருதுகிறார்கள். ஒளியை வைத்து ஒருவர் கண்ணில் படாமல் போக முடியும் என்பதை முதல்முறை படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வேட்டைக்காரர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறார்கள். குக்கிகட்டர் சுறா என்று ஒன்று. அரை மீட்டர் நீளம்தான் இருக்கும். டியூனா, டால்பின், திமிங்கிலம் என்று தன்னைவிடப் பல மடங்கு பெரியவற்றின் மேல் உதடுகளால் ஒட்டிக்கொண்டு, கீழ்ப்பற்களைப் பதித்து, உடம்பைத் திருகி, வட்டமாக ஒரு துண்டுச் சதையைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். 1970களில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் கருவியை மூடியிருந்த ரப்பரைக்கூட அது கடித்துப் பதம் பார்த்திருக்கிறது. அதன் வயிறு பச்சையாக ஒளிரும், கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை மட்டும் ஒளிராது. ஆழ்கடல் ஒளியை ஆராயும் எடித் விட்டர் 1998இல் ஒரு விளக்கம் சொன்னார்: கீழேயிருந்து பார்ப்பவனுக்கு ஒளிரும் வயிறு தெரியாது, ஒளிராத பட்டை மட்டும் ஒரு சின்ன மீனின் நிழலாகத் தெரியும். அதைத் தின்ன மேலே வருகிற டியூனா, வந்த வேகத்தில் தானே சதையைப் பறிகொடுக்கும். இது ஊகம்தான், நேரில் யாரும் பார்த்து உறுதிசெய்யவில்லை. ஆனாலும் இங்கே தூண்டில் ஒளி இல்லை, ஒளிக்கு நடுவே விட்ட இருட்டு என்பது என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஒளிரும் சுறாக்களில் பெரியது கைட்ஃபின் சுறா. 1.8 மீட்டர் வரை வளரும். நியூசிலாந்துக் கடலில் பிடித்த மீன்களை வைத்து அது ஒளிர்வதை 2021இல் வெளியிட்டார்கள். முதுகெலும்புள்ள உயிர்களில் ஒளிர்பவற்றுள் அதைவிடப் பெரியது இதுவரை அறியப்படவில்லை.

இனி அந்தத் தூண்டில் மீனுக்கு வருகிறேன். விளக்கு நெற்றியில், பற்கள் அதற்கு நேர் கீழே. இரை விளக்கைப் பார்த்து வருகிறது. அந்த வெளிச்சம் பின்னால் இருக்கும் முகத்தில் பட்டுக் கொஞ்சம் திரும்பினாலும் போதும், இரைக்கு முகம் தெரிந்துவிடும், ஓடிவிடும். அதனால் அந்த மீனின் தோல் ஒளியைத் திருப்புவதே இல்லை. 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 16 வகை ஆழ்கடல் மீன்களின் தோலை அளந்து பார்த்தார்கள். எல்லாமே விழும் ஒளியில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகின்றன. ஒனைரோடிஸ் என்ற தூண்டில் மீன் இனத்தில் அது வெறும் 0.04 சதவீதம். காரணம் தோலில் உள்ள கறுப்பு நிறமித் துகள்கள். நம் தோலிலும் மெலனின் இருக்கிறது. ஆனால் அந்த மீன்களில் துகள்கள் இடைவெளியே இல்லாமல் அடுக்கப்பட்டு, அவற்றின் அளவும் வடிவமும்கூட, ஒளியை வெளியே சிதறவிடாமல் பக்கத்துத் துகளிடம் தள்ளிவிடும்படி அமைந்திருக்கின்றன. முதல் துகளில் தப்பியது இரண்டாவதில் மாட்டும், இரண்டாவதில் தப்பியது மூன்றாவதில். ஆய்வுக்குழுவில் இருந்தவர்கள் இந்த மீன்களைப் படம் எடுக்க முயன்று, எத்தனை வெளிச்சம் போட்டாலும் கறுப்பு நிழல் மட்டுமே விழுவதைப் பார்த்துத்தான் இந்த ஆராய்ச்சியையே தொடங்கினார்கள்.

தோலைக் கறுப்பாக்கியாயிற்று. பல்லை என்ன செய்வது? பல் வெள்ளை, பளபளக்கும். அரிஸ்டோஸ்டோமியாஸ் என்ற டிராகன் மீனின் பல் கண்ணாடியாக இருக்கிறது. உண்மையாகவே ஊடுருவிப் பார்க்கலாம். 2019இல் அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, நம் பல்லில் ஒளியைச் சிதறடிக்கும் நுண்குழாய்கள் அதில் இல்லை என்றும், பல் மிக நுண்ணிய படிகத் துகள்களால் ஆனது என்றும் தெரிந்தது. தண்ணீருக்குள் அந்தப் பல் கிட்டத்தட்ட இல்லாததாகவே ஆகிவிடும். இரை பற்களுக்கு நடுவே வந்த பிறகும் பற்களைப் பார்த்திருக்காது.

அப்புறம் வயிறு. விழுங்கிய இரையே ஒளிரும் மீனாக இருந்தால்? வயிற்றுக்குள் கிடந்தபடி அது மினுக்கினால், விழுங்கியவனின் விலா வழியாக வெளிச்சம் கசியும். பல ஆழ்கடல் மீன்களின் வயிற்றுச் சுவரின் உட்புறம் அதனால் கறுப்பு. தின்ற வெளிச்சத்தையும் வெளியே விடக் கூடாது என்று உள்ளே திரை போட்டிருக்கிறது. மீன் அறுப்பதே தொழிலாக இருப்பவனுக்கு இதைவிட நெருக்கமான செய்தி கிடைக்காது. தினமும் நூறு வயிற்றைத் திறக்கிறேன். எந்த மீனாக இருந்தாலும் அதன் உட்புறத்துக்கு என்ன நிறம் என்று இப்போது ஒரு நொடி பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நினைத்துக்கொண்டிருப்பது மலக்கோஸ்டியஸ் என்ற மீனை. டிராகன் மீன் குடும்பம், ஒரு சாண் நீளம். அதன் கீழ்த்தாடை எலும்புகளுக்கு நடுவே தோலே கிடையாது, வாய்க்கு அடித்தளம் இல்லை. தாடையை முன்னே வீசும்போது தண்ணீர் தடுக்காமல் இருக்க அந்த ஏற்பாடு என்று சொல்வார்கள். ஆனால் என் ஆச்சரியம் கண்ணுக்குக் கீழே உள்ள விளக்கில். அது சிவப்பு.

முன்னால் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் சிவப்பு முதலிலேயே செத்துவிடுகிறது. ஆழத்தில் சூரியச் சிவப்பு கிடையாது. ஒளிரும் உயிர்களில் மிகப் பெரும்பாலானவை விடுவதும் நீலம் அல்லது பச்சை. அதனால் ஆழ்கடல் கண்கள் நீலத்துக்கென்றே அமைந்தவை. சிவப்பைப் பார்க்கும் தேவையே அவற்றுக்கு வரவில்லை. மலக்கோஸ்டியஸ் சிவப்பு விளக்கைப் போட்டால் எதிரே இருப்பவனுக்கு அது இருட்டு. தன் மேல் வெளிச்சம் விழுவதே தெரியாமல் இரை சும்மா நிற்கும். விளக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும் வெளிச்சம்! அம்மாவின் நிரையில் அது கிடைத்திருந்தால், மண்டோர் இருட்டில்தான் நின்றிருப்பார்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தச் சிவப்பைப் பார்க்க மலக்கோஸ்டியஸுக்கும் கண் வேண்டுமே. அதன் விழித்திரையில் உள்ள நிறமிகளும் அந்த அடர்சிவப்பை நன்றாகப் பிடிக்கக்கூடியவை அல்ல. 1998இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டது இது: அதன் கண்ணில் பச்சையத்திலிருந்து, ஆமாம், இலையில் இருக்கும் அதே குளோரோஃபில்லிலிருந்து வந்த ஒரு பொருள் இருக்கிறது. அது சிவப்பு ஒளியை வாங்கி, விழித்திரை நிறமிக்கு உணர்த்திவிடுகிறது. எந்த மீனாலும் பச்சையத்தைத் தயாரிக்க முடியாது. அப்படியானால் அது சாப்பாட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இங்கேதான் இன்னொரு புதிர் அவிழ்கிறது. இத்தனை பெரிய தாடை, இத்தனை பற்கள். ஆனால் இந்த மீனின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் அதிகம் கண்டது கோபிபாட் என்ற கடுகளவு உயிரினங்களை. பெரிய இரைக்கு வாயை வைத்துக்கொண்டு ஏன் தூசியைத் தின்கிறது? மேல்மட்டக் கடலில் சூரிய ஒளியில் வளரும் பாசியைத் தின்றுவிட்டு ஆழத்துக்கு இறங்கி வரும் சிற்றுயிர்கள் இருக்கின்றன. பாசியின் பச்சையம் அவற்றின் வழியாக இந்த மீனுக்கு வந்து சேரலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சூரியனையே பார்க்காத ஒரு மீன், சூரிய ஒளியைப் பிடிக்கும் பொருளைச் சாப்பிட்டு, அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, தன் சொந்தச் சிவப்பு விளக்கைப் பார்க்கிறது. செம்பனை ஓலைக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு நிற்கும்போது சில சமயம் மேலே பார்ப்பேன். இதே பச்சைதான் அங்கே, அந்த இருட்டில், ஒரு கண்ணுக்குள் வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது.

மனிதர்கள் ஆழத்தைப் பார்க்க வேண்டுமென்றாலும் இதே தந்திரத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. வெள்ளை விளக்குப் போட்டு இறங்கினால் ஆழ்கடல் உயிர்கள் விலகி ஓடிவிடும். எடித் விட்டர் ஆழத்தில் இறக்கிய காமிராவுக்குச் சிவப்பு விளக்கைப் பொருத்தினார். இரையாக மீனை வைக்கவில்லை. அட்டோலா என்ற ஜெல்லி மீன் யாராவது தன்னைத் தின்னும்போது சக்கரமாகச் சுழலவிடும் நீல ஒளியை அப்படியே செய்து காட்டும் ஒரு மின் பொம்மையை வைத்தார். அந்த ஜெல்லி மீன் ஒளிர்வது, தன்னைத் தின்பவனைவிடப் பெரியவன் யாராவது வரட்டும் என்பதற்காக என்பது அவருடைய எண்ணம். 2012இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே அந்தக் காமிராவில் ராட்சதக் கணவாய் வந்து நின்றது. அந்த உயிரை அதன் சொந்த இடத்தில் உயிரோடு காமிராவில் நகரும் படமாகப் பிடித்தது அந்தப் பயணத்தில்தான் முதல்முறை.

அதற்கு வெகு முன்னால், 1934 ஆகஸ்ட் மாதம், அமெரிக்கர்களான வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும் ஓர் இரும்பு உருண்டைக்குள் மடங்கி உட்கார்ந்துகொண்டு, பெர்முடா அருகே 923 மீட்டர் ஆழம் இறங்கினார்கள். ஒற்றைக் கம்பி வடம், அறுந்தால் அவ்வளவுதான். பீபி ஜன்னல் வழியாகப் பார்த்ததை எல்லாம் தொலைபேசியில் சொல்ல, மேலே கப்பலில் குளோரியா ஹாலிஸ்டர் எழுதிக்கொண்டார். எல்ஸ் போஸ்டெல்மன் அதை ஓவியமாக்கினார். அதற்கு முன் 1932இல் இறங்கியபோது, பக்கவாட்டில் வரிசையாக நீல விளக்குகளோடு ஆறடி நீள டிராகன் மீன் ஒன்றைப் பார்த்ததாகப் பீபி எழுதி, அதற்குப் பெயரும் வைத்தார். இன்றுவரை அப்படி ஒன்று யாருக்கும் கிடைக்கவில்லை. அன்றே அறிஞர்கள் சிலர் அவரைச் சந்தேகித்தார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை குறையவில்லை. இருட்டில், அங்குமிங்கும் மின்னும் புள்ளிகளை மட்டும் வைத்து, ஒரு முழு மீனைக் கண்ணே கற்பனையில் உருவாக்கிக்கொள்வது எத்தனை எளிது என்பதை இந்த மீன்களின் இரை எல்லாம் அறியும்.

ஆண் தூண்டில் மீன் பெண் மேல் ஒட்டிக்கொண்டு ஓருடம்பாகிவிடும் கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: எல்லா இனங்களும் அப்படிச் செய்வதில்லை. டெனரிஃப் வீடியோவில் வந்த இனத்தில் ஆண் கொஞ்ச நேரம் கடித்துப் பிடித்துவிட்டு விலகிவிடும்.

"நம்ம கடல்ல இது இருக்கா மாமா?" என்று சந்தைக்கு அம்மாவோடு வரும் ஒரு பையன் கேட்டான். மேற்குக் கரையில் இருக்க வழியில்லை. நான் விடியுமுன் மீன் எடுக்கப் போகும் பாசிர் பெனாம்பாங் படகுத்துறைக்கு எதிரே விரியும் மலாக்கா நீரிணை, பெரும்பாலான இடங்களில் 100 மீட்டர்கூட ஆழமில்லாதது. கிழக்குக் கரைக்கு அப்பாலும் பெரும்பகுதி ஆழமில்லாத மேடைதான். சபாவின் வடமேற்கே போனால் கதை வேறு. அங்கே கடலடி 2,500 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. விளக்கோடு அலைகிறவர்களுக்கு மலேசியக் கொடியின் கீழேயே இடம் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். தென்கிழக்கே இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில், பவளப்பாறைகளில் வாழும், கண்ணுக்குக் கீழே விளக்குள்ள ஒரு மீன் உண்டு. அதன் விளக்கை மீனவர்கள் அறுத்தெடுத்துத் தூண்டிலில் இரையாகக் கட்டுவார்கள்; மீன் செத்த பிறகும் பாக்டீரியா மணிக்கணக்கில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். நூறு வருஷத்துக்கு முன்பே இதை அறிவியல் ஏடுகளில் பதிந்திருக்கிறார்கள். தூண்டில் மீன் செய்வதை மனிதன் பார்த்துக் கற்கவில்லை, தானாகவே அங்கே வந்து சேர்ந்திருக்கிறான்.

அந்தப் பையனின் வீட்டார் எப்போதாவது கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போவார்களாம். எங்கள் ஊரைத் தாண்டி ஓடும் அதே சிலாங்கூர் ஆற்றின் கரை, பெரெம்பாங் மரங்கள், ஒரே தாளத்தில் மின்னும் ஆயிரக்கணக்கான பூச்சிகள். சுற்றுலாப் பயணிகள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அங்கே ஒளி தெரிய வேண்டும் என்பதற்காகவே ஒளிர்கிறது, ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள. ஆழ்கடலிலும் அதற்காக ஒளிர்வது உண்டு. ஆனால் வேட்டை மீனைப் புரிந்துகொள்ள மின்மினியிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடும் என்பது என் கருத்து. பள்ளிப் புத்தகங்கள் இரண்டையும் ஒரே பத்தியில், உயிரொளி என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுகின்றன. பிள்ளைகளுக்குக் கறுப்புத் தோலையும் கண்ணாடிப் பல்லையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். விளக்கை மட்டும் சொல்வது பாதி மீனைச் சொல்வதாகும்.

வீட்டில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். ஐஸில் மட்டும் வைத்த, உறையவைக்காத, நல்ல தண்ணீரில் கழுவாத சோத்தோங் ஒன்று வாங்குங்கள். கடைக்காரரிடம் கழுவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் உப்பு போட்டு, ஒரு தட்டில் சோத்தோங் பாதி மூழ்கும்படி ஊற்றுங்கள். முழுக்க மூழ்கக் கூடாது, காற்றுப் பட வேண்டும். மூடி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரு நாள் வையுங்கள். இரவில், ஜன்னலையும் மூடிய அறையில், பத்து நிமிஷம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். கைப்பேசித் திரையைக்கூட அப்போது தொடாதீர்கள். எல்லாச் சோத்தோங்கிலும் வரும் என்று உறுதியில்லை, வராவிட்டால் இன்னொன்று வாங்கிப் பாருங்கள். பார்த்து முடித்ததும் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சமைக்க வேண்டாம்.